கழற்றும்போது மட்டும் வழுக்கிய ராட்செட்: ஒரு பழுதும் அதற்குத் தேவைப்பட்ட கருவிகளும்

நாமக்கல்லில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் போன வருடம் ஒரு ராட்செட்டை, அதாவது சாக்கெட் மாட்டி நட்டு போல்ட்டை இறுக்கவும் கழற்றவும் பயன்படும் பிடியை, பனியன் வேஸ்ட்டில் சுற்றிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். கூடவே வலது கையையும் நீட்டிக் காட்டினார். மூன்று விரல் முட்டிகளில் தோல் உரிந்து காய்ந்திருந்தது.

"கழட்டுறப்ப வழுக்குது தம்பி. இறுக்குறப்ப ஒண்ணும் இல்ல. நேத்து ஒரு போல்ட்டக் கழட்டப் போயி நேரா சேஸிஸ்ல இடிச்சுக்கிட்டேன். தூக்கிப் போடவும் மனசு வரல. எங்கப்பா வாங்குனது."

இதில் முதல் வாக்கியத்தை நான் காதில் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்திருக்கும். அப்போது என் கவனம் முழுக்க ராட்செட் மேல் இருந்தது. அரை அங்குலச் சதுரம், உருண்டைத் தலை, முதுகில் திசை மாற்றும் லீவர், பிடி 250 மி.மீ. குரோம் பூச்சு அங்கங்கே பொரிந்திருந்தாலும் கையில் எடுத்தால் கனம் சரியாக உட்காரும் சாமான். எந்தக் கம்பெனி என்பதைச் சொல்லப் போவதில்லை. அதற்கு உதிரிப் பாகம் எதுவும் கிடைக்காது என்பதுதான் இந்தக் கதைக்கு முக்கியம். பெரிய கம்பெனிகள் சில, கியர், நாக்கு, ஸ்பிரிங், வளையம் எல்லாம் சேர்த்து ஒரு சின்னப் பொட்டலமாக விற்கின்றன. அந்த வசதி இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

உள்ளே இருப்பவை

ராட்செட்டைத் திறந்து பார்க்காதவர்கள் உள்ளே கடிகாரம் மாதிரி ஏதோ இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். இந்த வகையில் இருப்பது ஏழு எட்டுச் சாமான்கள்தான். சாக்கெட் மாட்டும் சதுரத் தண்டும் பல்சக்கரமும் ஒரே துண்டு. அதைக் கியர் என்போம். அதன் பக்கத்தில், தலையில் குடைந்த ஒரு குழிக்குள், பிறை வடிவில் ஒரு சின்ன இரும்புத் துண்டு. அதன் உள்வளைவில் இரண்டு முனைகளிலும் பற்கள். இதற்கான ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதினால் 'பால்' என்று வரும். குண்டுக்கும் பால், குடிப்பதற்கும் பால், இதற்கும் பால் என்றால் குழப்பம். நான் நாக்கு என்றே எழுதுகிறேன்.

நாக்கின் முதுகுக்குப் பின்னால் லீவரின் தண்டு நிற்கிறது. அந்தத் தண்டில் குறுக்காக ஒரு துளை, அதற்குள் ஒரு ஸ்பிரிங், ஸ்பிரிங்கின் முன்னால் உருண்டை மூக்குள்ள ஒரு சின்ன ஊசி. லீவரை ஒரு பக்கம் தள்ளினால் ஊசி நாக்கின் ஒரு தோளை அழுத்தும், அந்த முனை கியரில் கடிக்கும். மறுபக்கம் தள்ளினால் மற்ற முனை கடிக்கும். இறுக்குவதற்கு ஒரு முனை, கழற்றுவதற்கு ஒரு முனை. இதற்கெல்லாம் மேலே ஒரு மூடி, மூடியைப் பிடித்து வைக்க ஒரு சர்க்ளிப், அதாவது காடிக்குள் விரிந்து உட்காரும், முனைகளில் காது வைத்த ஸ்பிரிங் வளையம்.

இதில் பலர் தப்பாக நினைப்பது ஸ்பிரிங்கின் வேலையை. நாம் கொடுக்கும் முறுக்கை ஸ்பிரிங் தாங்குவதில்லை. அது நாக்கைக் கியரில் தொடவைப்பதோடு சரி. பாரம் ஏறியதும் நாக்கு கியருக்கும் குழியின் சுவருக்கும் நடுவில் ஆப்பு மாதிரி சிக்கிக்கொள்கிறது. பிடியை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு இறுக்கமாகக் கடிக்கும். முழு ஆழத்துக்கு உட்கார்ந்த நாக்கு வழுக்காது. பல் நுனியில் மட்டும் தொற்றிக்கொண்டிருக்கும் நாக்கு கொஞ்ச தூரம் பிடித்துவிட்டு, நாம் முழுப் பலத்தையும் கொடுக்கும் நேரம் பார்த்து விட்டுவிடும். விரல் முட்டி போவது அப்படித்தான்.

பற்களை எண்ணினேன், 36. அப்படியென்றால் 10 பாகைக்கு ஒரு 'டிக்'. இப்போது வரும் 72 பல் ராட்செட்டில் அது 5 பாகை. இடம் குறைவான மூலையில் அது வசதி. ஆனால் பல் நுணுக்கமாக ஆக ஆழமும் குறையும், ஒரு மணல் துகள் செய்யும் கெடுதல் அதிகமாகும். லாரிப் பட்டறைக்கு நான் 36 பல்லைத்தான் சொல்வேன்.

திறப்பதற்கே ஒரு கருவி

முதல் தடை சர்க்ளிப். தலையின் துளை 32 மி.மீ. உள்வளையத்துக்கான சர்க்ளிப் பிளையர்களில் ஜே1 என்பது 12 முதல் 25 மி.மீ. துளைக்கு, ஜே2 என்பது 19 முதல் 60 வரை. பட்டியல்படி எனக்கு ஜே2 வேண்டும். அதன் முனை 1.8 மி.மீ. தடிமன். இந்த வளையத்தின் காதுத் துளைக்குள் அது போகவே இல்லை. ராட்செட்காரர்கள் இட நெருக்கடிக்காக மெல்லிய வளையத்தைச் சின்னக் காதோடு போட்டிருக்கிறார்கள்.

கையில் இருந்த, முனை மாற்றிக்கொள்ளும் மலிவான பிளையரை முயன்றேன். முதல் அழுத்திலேயே ஒரு முனை வளைந்து அகப்பை மாதிரி ஆனது. அப்புறம் நல்ல ஜே2 ஒன்றை எடுத்து அதன் முனைகளை எண்ணெய்க் கல்லில் சுற்றிச் சுற்றித் தேய்த்து 1.4 மி.மீ.க்குக் கொண்டுவந்தேன். கிரைண்டரில் காட்டியிருந்தால் இரண்டு நிமிட வேலை. ஆனால் மெல்லிய முனை நொடியில் நீலம் பாய்ந்து டெம்பர், அதாவது இரும்பின் கெட்டி, போய்விடும், அடுத்த வளையத்தில் அதுவும் அகப்பையாகும். கல்லில் ஒரு மணி நேரம் ஆனது. இந்த வேலைக்கென்றே ஆன முதல் கருவி இது. அதற்கப்புறம் அதை வேறு எதற்கும் தொடுவதில்லை.

சர்க்ளிப் கழற்றும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். நான் கைகளையும் ராட்செட்டையும் ஒரு தெளிவான பிளாஸ்டிக் பைக்குள் விட்டுக்கொண்டுதான் கழற்றுவேன். வளையம் தெறித்தால் பைக்குள்ளேயே விழும். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். தரையில் மண்டியிட்டு டார்ச் அடித்துத் தேடுவது அதைவிடச் சிரிப்பு.

பட்டறை வைஸின் தாடைகளில் செம்புத் தகடு மடித்துப் போட்டு பிடியை மாட்டியிருந்தேன். வெறும் வைஸின் பற்கள் குரோமைக் கொத்திவிடும். கொத்திய இடத்திலிருந்து பூச்சு சீவல் சீவலாகக் கிளம்பும், அந்தச் சீவல் பிளேடு மாதிரி விரலைக் கிழிக்கும்.

முதல் முறை நான் கண்டதும், காணாமல் விட்டதும்

மூடியை எடுத்ததும் உள்ளே தெரிந்தது கறுப்பு மெழுகு. ஏ.பி.3 கிரீஸோடு இரும்புத் தூளும் செம்மண்ணும் குழைந்து கெட்டியாகியிருந்தது. லாரி வீல் பேரிங்குக்கு அது நல்ல கிரீஸ். ராட்செட் தலைக்குள் அது ஒரு நோய். நாக்கு ஒவ்வொரு பல்லுக்கும் ஏறி இறங்க வேண்டும். அதைச் சுற்றிக் கெட்டி கிரீஸ் அடைத்திருந்தால் அது ஏறும், இறங்க நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் பிடியைத் திருப்பினால் பாதிக் கடியில்தான் பாரம் விழும்.

மெழுகை வழித்ததும் ஊசி வெளியே வந்தது. அதன் பின்னால் வந்த ஸ்பிரிங்கைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். பேனா ஸ்பிரிங். ஒன்றை வெட்டி, போதாதென்று இன்னொன்றின் துண்டையும் அதோடு முறுக்கி நுழைத்திருந்தார்கள்.

அங்கேதான் தவறு செய்தேன். கெட்டி கிரீஸ், பேனா ஸ்பிரிங் என்று குற்றவாளிகள் இரண்டு பேர் கையும் களவுமாகக் கிடைத்ததும் விசாரணையை முடித்துவிட்டேன். லென்ஸ் வைத்துக் கியரின் பற்களைப் பார்த்தேன், நன்றாக இருந்தன. நாக்கின் பற்களில் விளிம்பு மினுங்கியது, உடையவில்லை. சரி, சுத்தம் செய்து நல்ல ஸ்பிரிங் போட்டால் போதும் என்று முடிவு செய்தேன். இரண்டு குற்றவாளிகளும் இரண்டு திசையிலும் ஒரே மாதிரிதான் கெடுதல் செய்ய முடியும். அண்ணன் சொன்னது ஒரு திசையைப் பற்றி மட்டும். அது எனக்கு உறைக்கவே இல்லை.

சுத்தம் செய்தது மண்ணெண்ணெயில், பழைய பல் தூரிகையால். துருவுக்கு ஆசிட்டில் ஊறப்போடுவதைச் சிலர் செய்கிறார்கள். கெட்டியாக டெம்பர் ஏற்றிய சின்னச் சாமான்களை, அதிலும் ஸ்பிரிங்கை, ஆசிட்டில் போட்டால் துரு போவதோடு நிற்காது. ஆசிட் இரும்போடு சேரும்போது வெளிவரும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மையாக்கிவிடும். பார்க்கப் பளபளவென்றிருக்கும், ஒருநாள் பாரத்தில் பட்டென்று போகும். மண்ணெண்ணெயும் பொறுமையும் போதும்.

ஸ்பிரிங்குக்காக ஒரு நாள் அலைந்தேன். கையில் அழுத்திப் பார்த்து "இது சரியா இருக்கும்" என்று எடுப்பது இந்த அளவில் உதவாது. சுருள் ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் மடங்குப் பெருக்கத்தில் ஏறுகிறது. 0.4 மி.மீ. கம்பிக்குப் பதில் 0.5 போட்டால், சுற்றும் விட்டமும் அதேதான் என்றாலும், விறைப்பு ஏறக்குறைய 2.4 மடங்கு. ஸ்பிரிங் அதிகம் விறைத்தால் இன்னொரு தொந்தரவு வரும். பிடியைப் பின்னுக்குக் கொண்டுபோகும்போது நாக்கு லேசாகத் தாண்டாமல் கியரையும் கூடவே இழுக்கும், பாதி இறுகிய நட்டு திரும்பவும் கழன்று வரும். பேனா ஸ்பிரிங்கை இரட்டையாக முறுக்கிய புண்ணியவான் இதையும் அனுபவித்திருப்பார்.

கடைசியில் 0.4 பியானோ ஒயர் வாங்கி, துளையை அளந்து, ஒரு டிரில் பிட்டின் தண்டில் சுற்றிக்கொண்டேன். சுற்றிவிட்டுக் கையை எடுத்ததும் ஸ்பிரிங் விரிந்துகொள்ளும். அதனால் வேண்டிய அளவைவிடச் சின்ன தண்டில்தான் சுற்ற வேண்டும். நான்காவது ஸ்பிரிங் சரியாக வந்தது. முனைகளை மட்டமாகத் தேய்த்தேன். அழுத்தினால் ஊசி முழுதாக உள்ளே போக வேண்டும், அப்போதும் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டக் கூடாது. ஒட்டினால் நாக்கு பல்லைத் தாண்ட இடமிருக்காது.

திரும்பச் சேர்க்கும் வேலைதான் நரகம். லீவரைப் போட வேண்டும், அதன் துளையில் ஸ்பிரிங்கையும் ஊசியையும் வைத்து விரலால் அழுத்தியபடி, நாக்கைக் குழிக்குள் இறக்கி, அதையும் அழுத்திப் பிடித்து, கியரை உள்ளே விட வேண்டும். விரல் இருக்கும் இடத்தில்தான் கியர் வர வேண்டும். விரலை எடுத்தால் ஊசி பறக்கும். மூன்று முறை பறந்தது. ஒரு முறை பீரோவுக்கு அடியில், ஒரு முறை என் சட்டைப் பைக்குள், மூன்றாம் முறை கயிற்றில் காந்தம் கட்டி அறை முழுக்க இழுத்துத்தான் கிடைத்தது. கடைசியில் இடைவெளி அளக்கும் 0.10 மி.மீ. ஃபீலர் கேஜ் தகடு ஒன்றை வளைத்து ஊசிக்கும் நாக்குக்கும் நடுவில் வைத்து, கியர் உட்கார்ந்ததும் உருவினேன். தகடு கிழிந்தது, ஆனால் வேலை முடிந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல்.

கையால் இரண்டு பக்கமும் சுழற்றிப் பார்த்தேன். டிக் டிக் டிக். தேன் மாதிரி ஓடியது. கொடுத்தனுப்பினேன்.

ஒன்பதாம் நாள்

ஒன்பதாம் நாள் போன். "தம்பி, சத்தம் நல்லாருக்கு. ஆனா கழட்டுறப்ப வழுக்குது."

வெட்கமாக இருந்தது. சத்தம் நன்றாக இருப்பது ஸ்பிரிங்குக்கான சான்றிதழ் மட்டும். பாரம் ஏற்றாமல் பார்த்தால் எந்த ராட்செட்டும் நல்ல ராட்செட்தான்.

எனவே இந்த முறை திறப்பதற்கு முன்பே சோதனை செய்வது என்று முடிவெடுத்தேன். அதற்கு ஒரு கருவி வேண்டும். லேத் பட்டறையில் 24 மி.மீ. அறுகோணக் கம்பி ஒரு சாண் வெட்டி வாங்கினேன். ஒரு முனையில் 24 சாக்கெட்டோடு ராட்செட், மறு முனையில் இன்னொரு 24 சாக்கெட்டோடு, முறுக்கை அளக்கும் டார்க் ரென்ச். ராட்செட்டின் பிடி வைஸில். டார்க் ரென்ச்சை இழுத்தால் இரண்டு பக்கமும் ஒரே முறுக்கு. 'க்ளிக்' சத்தம் போடும் டார்க் ரென்ச்களில் பல ஒரு திசையில்தான் வேலை செய்யும். முள் காட்டும் பழைய வகை இரண்டு திசையிலும் காட்டும், அதனால் இங்கே அதுதான் வேண்டும். கடைகளில் யாரும் சீண்டாமல் தூசி படிந்து கிடக்கும், மலிவாகவும் கிடைக்கும்.

அளவு 100 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொண்டேன். 250 மி.மீ. பிடியின் நுனியில் கிட்டத்தட்ட 40 கிலோவைத் தொங்கவிட்டதற்குச் சமம். நல்ல நிலையில் இருக்கும் அரை அங்குல ராட்செட்டுக்கு இது பெரிய பாரமே இல்லை. கனரக லாரியின் வீல் நட்டுகளுக்கு 500, 600 என்று போகும். அதற்கு இந்த ராட்செட்டை எடுக்கவே கூடாது. எடுக்கிறார்கள் என்பது வேறு விஷயம், அதற்கு வருகிறேன்.

கியரின் ஒரு பல்லுக்கு நேராக சதுரத் தண்டில் வெள்ளைப் பெயிண்ட்டால் ஒரு புள்ளி. இந்தப் புள்ளிதான் சோதனையின் உயிர். 36 நிலைகளிலும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்க வேண்டும். வழுக்கல் திரும்பத் திரும்ப அதே நிலைகளில் வந்தால் கியரின் பல் கெட்டிருக்கிறது. நிலை பார்க்காமல் எங்கு வேண்டுமானாலும் வந்தால் நாக்கில் கோளாறு, அல்லது நாக்கு உட்காரும் குழியில் கோளாறு.

இறுக்கும் திசையில் 36க்கு 36 நின்றது. கழற்றும் திசையில் முதல் 12 நிலைகளில் 7 வழுக்கல். புள்ளியைத் திரும்பச் சுற்றி அதே இடங்களுக்குக் கொண்டுவந்தால், முன்பு வழுக்கிய இடத்தில் நின்றது, நின்ற இடத்தில் வழுக்கியது. அத்தோடு நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு வழுக்கலும் நாக்கின் விளிம்பைக் கொஞ்சம் தின்னும்.

ஆக, கியர் நிரபராதி. திறந்து, நாக்கின் பற்களில் மார்க்கர் பேனாவால் நீலம் பூசி, திரும்ப வைத்து, லேசாகப் பாரம் கொடுத்து எடுத்துப் பார்த்தேன். இறுக்கும் முனையில் பல்லின் பக்கவாட்டில் நுனியிலிருந்து அடிவரை மை அழிந்திருந்தது. கழற்றும் முனையில் நுனி மட்டும், மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நாக்கு அந்தப் பக்கம் முழுதாக உட்காரவில்லை, ஏதோ தடுக்கிறது.

குழிக்குள் எதுவும் தெரியவில்லை. மேலிருந்து வெளிச்சம் அடித்தால் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில், தலையின் விளிம்போடு ஒட்டிப் படுக்கவைத்து அடித்தபோது கழற்றும் பக்கச் சுவரின் மூலையில் ஒரு மயிரிழை நிழல் விழுந்தது. நகத்தால் தடவினால் தட்டியது. சுவரின் இரும்பு பிதுங்கி ஒரு சின்ன உதடு எழும்பியிருந்தது. நாக்கின் குதிகால் அதில் ஏறி நின்றுகொள்கிறது. நின்றால் முன்முனை கியரை முழுதாகத் தொட முடியாது.

உதடு எப்படி வந்தது? போன் போட்டு ஒரே கேள்வி கேட்டேன். "அண்ணே, இதுல பைப் போடுவீங்களா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "இறுக்குறதுக்குப் போட மாட்டேன் தம்பி."

அதுதான். துருவேறிய நட்டைக் கழற்ற ஒரு மீட்டர் பைப்பைப் பிடியில் செருகினால் 250 மி.மீ. பிடி நான்கு மடங்கு நீளமாகிறது, முறுக்கும் நான்கு மடங்கு. அந்தப் பாரம் எல்லாம் ஆப்பு மாதிரி நிற்கும் நாக்கு வழியாகக் குழிச் சுவரில் இறங்குகிறது. கியரும் நாக்கும் கெட்டியான இரும்பு, தலை அதைவிடக் கொஞ்சம் மென்மை. மெத்தென்றதுதான் பிதுங்கும். அப்பா காலத்திலிருந்து, கழற்றும் பக்கம் மட்டும்.

உதட்டை எடுக்க அரம் உள்ளே போகாது. டிரெமல் மாதிரி சுழலும் கருவியை நினைத்தேன், விட்டுவிட்டேன். ஒரு வழுக்கு வழுக்கினால் சுவரின் சாய்வே மாறிவிடும், நாக்கு ஆப்பாக நிற்கும் கோணம் போய்விடும். எண்ணெய்க் கல்லை 3 மி.மீ. அகலச் சீவலாக உடைத்து, ஒரு முனையை குழியின் வளைவுக்கு ஏற்பத் தேய்த்து, அதைக்கொண்டு உதட்டை மட்டும் உரசினேன். பத்து உரசலுக்கு ஒரு முறை நீலம் பூசிப் பார்த்தேன். நாற்பது நிமிடத்தில் மை அடிவரை அழிந்தது. உடனே நிறுத்தினேன். நாக்கின் விளிம்பில் வழுக்கலால் எழும்பிய முள்ளை மட்டும் கல்லில் ஒற்றி எடுத்தேன், பல்லின் வடிவத்தைத் தொடவில்லை. பல்லை அரத்தால் 'கூர்' செய்பவர்கள் உண்டு. மேல்தோலின் கெட்டி போய், ஒரு மாதத்தில் மழுங்கிவிடும்.

ஒரு முழம் நூல்

இதற்கு நடுவில் மகளின் சைக்கிளுக்கு ஃப்ரீவீல் சுற்றாமல் போய், தெருமுனைச் சைக்கிள் கடைக்குப் போயிருந்தேன். ஃப்ரீவீலும் ராட்செட்தானே. அங்கேயும் நாக்குகள், அங்கேயும் ஸ்பிரிங், சுற்றிலும் பல். பெரியவர் அதன் மூடியை இரண்டு துளைகளில் பஞ்ச் வைத்துத் தட்டி, லெஃப்ட் த்ரெட் என்பதால் வலப்பக்கம் திருப்பிக் கழற்றினார். சுத்தம் செய்தார். பொடிப் பால்ரஸ் குண்டுகளைக் கிரீஸில் ஒட்டி வரிசையாக அடுக்கினார். அப்புறம் இரண்டு நாக்குகளையும் மடக்கிப் பிடித்து அவற்றைச் சுற்றி ஒரு தையல் நூலைக் கட்டினார். நாக்குகள் மூச்சு விடாமல் படுத்துக்கொண்டன. அப்படியே வளையத்துக்குள் இறக்கி, நூலின் முனையைப் பிடித்துச் சர்ரென்று உருவினார். டிக் டிக் டிக்.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். "அய்யா, இத யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

"இதுல கத்துக்க என்ன இருக்குதுங்க? கை ரெண்டுதான இருக்குது."

வீட்டுக்கு வந்து லீவர் தண்டில் ஸ்பிரிங்கையும் ஊசியையும் வைத்து அழுத்தி, மேலே நூலை மூன்று சுற்றுச் சுற்றினேன். ஊசி அடங்கியது. லீவரை இறக்கி, நாக்கை வைத்து, கியரைவிட்டு, நூலை உருவினேன். எட்டு நிமிடம். சிக்கிக்கொள்ளாத வழுவழுப்பான நூல் வேண்டும், பருத்தி நூல் கியரின் பல்லில் இழை விட்டது. நைலான் தையல் நூல் சரியாக வந்தது. முடிச்சுப் போடக் கூடாது, சுற்று மட்டும்.

இதே வேலைக்கென்று தனியாகக் குறுகலான குழாய்களும் முனை வளைந்த கொக்கிகளும் உண்டு. பித்தளைக் குழாய் ஒன்றை நானும் லேத்தில் கடைந்து வைத்திருக்கிறேன். ஊசியை அதற்குள் அடக்கித் தள்ளலாம், ஒரே அளவு ராட்செட் நிறையச் செய்பவர்களுக்கு அது வேகம். எனக்கு நூல்தான் பிடித்திருக்கிறது. எல்லா அளவுக்கும் சேரும்.

இரண்டாம் முறை கழற்றும்போது சர்க்ளிப்பின் ஒரு காது உடைந்திருந்தது, பழசு. கடையில் 32க்குக் கிடைக்கும் வளையம் 1.2 மி.மீ. தடிமன். இங்கே இருந்தது 1 மி.மீ. காடிக்குள் போகவில்லை. கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை ஒட்டி, வளையத்தை வட்டவட்டமாகத் தேய்த்து மெலிய வைத்தேன். அழுத்தி வெட்டிய வளையத்தில் ஒரு முகத்தின் விளிம்பு உருண்டும் மறுமுகத்தின் விளிம்பு கூராகவும் இருக்கும். உருண்ட முகத்தைத்தான் தேய்த்தேன். கூர் முகம் வெளிப்பக்கம் பார்க்க வைத்தேன். மூடி உள்ளிருந்து தள்ளும்போது அந்தக் கூர் விளிம்புதான் காடியின் சுவரைப் பற்றிக்கொள்ளும்.

சதுரத் தண்டில் சாக்கெட்டைப் பிடிக்கும் குண்டு துருவில் இறுகியிருந்தது. மண்ணெண்ணெயும் சில தட்டுகளும் போதுமாக இருந்தன. அதை வெளியே எடுக்கும் ஆசை வேண்டாம். துளையின் வாயை நசுக்கித்தான் குண்டை உள்ளே வைத்திருக்கிறார்கள், எடுத்தால் திரும்ப நசுக்க வளைய முனைப் பஞ்ச் வேண்டும், அதிலும் ஒரு அடி கூடிப்போனால் குண்டு அசையாது. பட்டனை அழுத்தினால் சாக்கெட் விழும் வகையில் கியரின் நடுவே ஒரு தண்டு ஓடும், அதையும் ஸ்பிரிங்கோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். அந்தப் பட்டனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு பீட்டர் ராபர்ட்ஸ் நினைவு வரும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சியர்ஸ் கடையில் வேலை பார்த்த பதினெட்டு வயதுப் பையன். 1960களின் நடுவில் இந்த ஏற்பாட்டுக்குக் காப்புரிமை வாங்கினார், சியர்ஸ் அதற்காக அவருக்குக் கொடுத்தது 10,000 டாலர். அந்த ராட்செட்டுகள் பல லட்சக்கணக்கில் விற்றன. வழக்கு நீதிமன்றங்களில் ஏறி இறங்கி, 1989இல் 82 லட்சம் டாலருக்குச் சமரசமானது. ஒரு குண்டு, ஒரு தண்டு, ஒரு ஸ்பிரிங்.

கிரீஸ் விஷயத்தில் என் வழக்கம் இது: கியர் சுழலும் வட்ட மேற்பரப்பில் மெல்லிய கிரீஸ் ஒரு பூச்சு, விரலில் எடுத்து வழித்த பிறகு மிஞ்சும் அளவு. நாக்குக்கும் ஊசிக்கும் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. எண்ணெய் காயும், வருடத்துக்கு இரண்டு முறை விட வேண்டும். சோம்பேறிகள் அதற்காகத்தான் ஏ.பி.3 அடைக்கிறார்கள்.

மூடுவதற்கு முன் அறுகோணக் கம்பியில் மாட்டி இரண்டு திசையிலும் 36 நிலைகள், மொத்தம் 72 இழுப்பு. வழுக்கல் இல்லை. மறுநாள் தோள் வலித்தது. மூடிய பிறகு சோதித்திருந்தால் மூடியும் சேர்ந்து சோதனையாகியிருக்கும் என்று பிற்பாடுதான் தோன்றியது, ஆகவே திரும்பவும் 72.

பட்டறையிலிருந்து

ஏழு மாதம் ஆகிவிட்டது, ராட்செட் நிற்கிறது. பைப் விஷயத்தில் அண்ணனோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறேன். இறுகின நட்டை முதலில் நீளமான டாமி பாரால் அசைத்துவிட்டு, அப்புறம்தான் ராட்செட். டாமி பாரில் நாக்கும் இல்லை, குழியும் இல்லை, எவ்வளவு பைப் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும். அவர் கேட்கிறார் என்றுதான் நினைக்கிறேன். பட்டறையில் அந்தப் பைப்புக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து டாமி பாரோடு சங்கிலி போட்டுக் கட்டியிருப்பதைப் பார்த்தேன்.

செலவைக் கூட்டிப் பார்க்காமல் விட்டேன். பிளையர், பியானோ ஒயர், அறுகோணக் கம்பி, கல், எல்லாம் சேர்த்தால் சுமாரான புது ராட்செட் ஒன்று வந்திருக்கும். ஆனால் அவை இப்போது என் மேசையில் இருக்கின்றன, போன வாரம் அதே பட்டறையிலிருந்து இன்னும் இரண்டு ராட்செட்டுகளும் வந்து சேர்ந்தன. திறந்தேன். இரண்டிலும் பேனா ஸ்பிரிங்.

அண்ணனுக்குப் போன் செய்தால், பில் போடும் மேசையில் ஏழு பேனா இருக்கிறதாம், ஒன்றுகூட அமுக்கினால் நிற்கவில்லையாம். இப்போதுதான் காரணம் தெரிகிறது என்றார். பட்டறைப் பையனைக் கூப்பிட்டு அவர் விசாரிக்கும் சத்தம் கேட்டது. நான் போனை வைத்துவிட்டு நூலைத் தேட ஆரம்பித்தேன்.